மாடி ஒருத்தருக்கு, பில் இன்னொருத்தருக்கு

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து, வீட்டு சோலார்னு சொன்னாலே எல்லாரும் சொல்ற ஒரே நம்பர் 78,000 ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணாவதுக்கு 18,000. அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் அவ்வளவுதான். நல்ல திட்டம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் காசு யார் கைக்குப் போகுதுன்னு நம்ம சூலூரை வெச்சே ஒரு கணக்குப் போடலாம். எல்லாமே தோராயக் கணக்குதான்.

திருச்சி ரோட்டை ஒட்டி ரெண்டு ஏ.சி. ஓடற சொந்த வீடு. ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட். 500 யூனிட் தாண்டினாலே ஸ்லாப் மாறி பில் எகிறுமே, அதனால 4,000 ரூபாய் கிட்ட வரும். 3 கிலோவாட் போட்டா, கிலோவாட்டுக்கு தினம் 4 யூனிட்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துல 720 யூனிட் கிடைக்கும். செலவு 1,70,000, மானியம் போக 92,000. அஞ்சு வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும்.

அடுத்த சந்துல ஒரு சின்ன வீடு, 200 யூனிட். முதல் 100 இலவசம், பில் 250 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். 1 கிலோவாட்டுக்கு 70,000 ஆகும், மானியம் போக 40,000. வருஷத்துக்கு மிச்சமாகறது 1,500 கூட இல்ல. போட்ட காசை எடுக்க 27 வருஷம்! பேனல் வாரண்டியே பொதுவா 25 வருஷம்தான். 100 யூனிட் இலவசம் தப்புன்னு நான் சொல்ல வரல, அது வேணும். ஆனா அந்த வீட்டுக்கு சோலார் மானியத்தால பிரயோஜனமே இல்ல.

லைன் வீட்டுக்கு அதுவும் கிடையாது. மில்லுக்கும் தறிக்கும் வேலைக்குப் போற ஆறேழு குடும்பம் ஒரே காம்பவுண்டுல இருப்பாங்க. மாடி ஓனருடையது, பில் வாடகைக்கு இருக்கறவங்களுடையது. குறையப் போறது தன் பில் இல்லைன்னா ஓனர் எதுக்குக் காசு போடுவார்? சில இடத்துல ஓனரே சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கறதால, அந்த 100 யூனிட் கூட இவங்களுக்கு வர்றதில்ல.

இது நம்ம பக்கம் புதுசும் இல்ல. பல்லடம், உடுமலையில் சுத்தற காத்தாடிகள்ல பாதிக்கதை வருமான வரிச் சலுகைதான். முதல் வருஷமே 80 சதவீதம் வரை தேய்மானம் காட்டலாம்னு இருந்துச்சு (2017-ல் 40 ஆச்சு). வரி கட்டற அளவு லாபம் இருந்த மில்லுக்குத்தான் அது உதவுச்சு.

டில்லியில் 2019-லேயே விர்ச்சுவல் நெட் மீட்டரிங்குக்கு விதிமுறை வந்தாச்சு. ஒரு இடத்துல பேனல், அதுல வர்ற யூனிட் பல வீட்டு பில்லுல கழியும். சூலூர்ல ஒரு அரசுப் பள்ளி மாடியில் பேனல் போட்டு, லைன் வீட்டு மீட்டர்களுக்குப் பங்கு பிரிக்கலாம். மாடி இல்லாதவங்களுக்கும் மானியம் போய்ச் சேர இதைவிட நேரான வழி எனக்குத் தெரியல. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் கட்டாயம்னு சேர்த்தே கேக்கணும்.

டெக்னிக்கலா இது பெரிய விஷயமே இல்ல, பில்லிங் சாப்ட்வேர் வேலைதான். நம்ம ஆளுங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வருஷா வருஷம் சோலார் டிராக்கர்தான் செய்யறாங்க. எட்டு வீட்டு பில்லுக்கு யூனிட் பிரிக்கற ஒரு ப்ராஜெக்ட், யாராவது எடுக்கறீங்களா?