கோபன்ஹேகனில் ஒன்பது மணி நேரமா? எழுந்து வெளியே போங்கள்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் நம் வயதுக்காரர்களுக்கு விமான டிக்கெட்டோடு ஓர் உபதேசமும் இலவசமாகக் கிடைக்கிறது. “நடுவுல இறங்குற ஊர்ல எங்கேயும் அசையாதீங்க. அடுத்த பிளைட் கேட்கிட்ட போய் உட்கார்ந்துடுங்க.” மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜெண்டும் சொல்கிறார். இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்றால் இது நல்ல புத்திமதி. ஒன்பது மணி, பத்து மணி என்றால் தண்டனை. அந்தத் தண்டனையை நாம் ஏன் தலையாட்டி வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நம் மாயவரத்துப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நார்வே, ஸ்வீடன் என்று வடக்கே நிறையப் போய்விட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரில் பலர் கோபன்ஹேகனில் விமானம் மாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அங்கே பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் தேட வேண்டும், போனால் பைகளை யார் பார்ப்பது என்று அந்த அம்மாள் தொண்டையை நனைத்துக்கொள்ளவே இல்லை. ஊர் திரும்பியதும், “டென்மார்க் எப்படி சார் இருந்துச்சு?” என்று அவரிடம் கேட்டேன். “தரை நல்லா வழவழன்னு இருந்துச்சு” என்றார். வாழ்நாளில் ஒருமுறை டென்மார்க் மண்ணில் இறங்கியவருக்கு அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

இதில் சக்கர நாற்காலி வேறு. நடக்க முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறவருக்கும், “போர்டு படிக்கத் தெரியாம திணறுவாங்க” என்று பிள்ளைகள் அதைப் போட்டுவிடுகிறார்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் ஒரு மூலையில் நிறுத்திவிட்டுப் போகிறார். அதன்பின் அவர் வரும்வரை நீங்கள் மனிதர் இல்லை, பார்சல். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் நடத்தியவர்கள், குடும்பத்தையே கட்டி ஆண்டவர்கள், ஒரு விமான நிலையத்தில் பார்சலாகச் சம்மதிக்கிறோமே!

வெளியே போகக்கூடாது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், விசா. இது ஒன்றுதான் நிஜமான தடை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாமல் கோபன்ஹேகன் நிலையத்தைவிட்டு வெளியே வர முடியாது. அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆனால் நார்வேக்கோ ஸ்வீடனுக்கோ போகிறவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பது ஷெங்கன் விசாதானே? ஐரோப்பாவுக்குள் நுழையும் பாஸ்போர்ட் சோதனையே அவர்களுக்குக் கோபன்ஹேகனில்தான் நடக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் வாசல் திறந்துதான் இருக்கிறது. திறந்த வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, “பிளைட்டை விட்டுடுவீங்க.” இதற்குப் பயம் வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வந்திருப்பதால், இறங்கி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்குள் போய்வர ஒரு மணி நேரம். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். ஒன்பதில் நாலரை போனால் கையில் நாலரை மணி நேரம் மிச்சம். அமெரிக்கா போகிறவர்களுக்குத் திரும்பும்போது இன்னொரு பாஸ்போர்ட் வரிசை உண்டு, இன்னும் ஒரு மணி கழித்துக்கொள்ளுங்கள். மொத்தக் காத்திருப்பே ஐந்து மணிக்குக் குறைவு என்றால் நானே சொல்கிறேன், உள்ளேயே இருங்கள். இன்னொன்று: பயணம் முழுக்க ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பெரிய பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் அதை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். டிக்கெட் போடும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பைக்கு நிலையத்திலேயே லாக்கர் இருக்கிறது.

மூன்றாவது, செலவு. டென்மார்க் விலை தலைசுற்ற வைக்கும், உண்மை. ஆனால் மெட்ரோ டிக்கெட் அங்கே ஒரு காபி விலைதான். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதம் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை.

நான்காவது, முழங்கால். எனக்கும் இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆனால் அந்த ஊர் மெட்ரோ நிலையம் ஒவ்வொன்றிலும் லிஃப்ட் இருக்கிறது. விமான நிலையத்திலேயே மெட்ரோ வந்து நிற்கிறது. ஓட்டுநர் இல்லாத ரயில், இரவு பகலாக ஓடுகிறது, கால் மணி நேரத்தில் ஊர் நடுவே இறக்கிவிடுகிறது. யாரைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. சென்னை சென்ட்ரலில் நடைமேடை மாறி ரயில் பிடித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சரி, வெளியே வந்தாயிற்று, எங்கே போவது? இங்கே எனக்கு இரண்டாவது சண்டை இருக்கிறது. யூடியூபில், “கோபன்ஹேகனில் ஆறு மணி நேரத்தில் பத்து இடங்கள்” என்று இளைஞர்கள் மூச்சிரைக்கப் பேசுகிறார்கள். பத்தில் முதலாவதாக அந்தக் கடற்கன்னிச் சிலை. 1913-ல் வைத்தது, ஒன்றேகால் மீட்டர் உயரம். அத்தனை தூரம் நடந்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து, “இவ்வளவுதானா?” என்று திரும்புகிறார்கள். கேட்டருகே உட்கார்வது ஒரு வீண் என்றால், பத்து இடத்துக்கு ஓடுவது இன்னொரு வீண். நமக்கு ஒன்றிரண்டு இடம் போதும். அது நமக்கு ஏதாவது சொல்லும் இடமாக இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஊரில் சொந்தமாக ஒரு விலாசம் இருக்கிறது. எந்த வீடியோவிலும் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. தரங்கம்பாடி 225 வருடம் எந்த ஊரிலிருந்து ஆளப்பட்டது? கோபன்ஹேகனிலிருந்துதான். 1618-ல் ஓவே கெட்டே என்ற தளபதியின் கப்பல்கள் டென்மார்க்கிலிருந்து புறப்பட்டன. இலங்கைக் கரையைத் தொடவே ஒன்றரை வருடம் ஆயிற்று. 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆயிற்று, டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்றால், அவரை அனுப்பியவர் நான்காம் ஃபிரெடரிக் என்ற டென்மார்க் அரசர். 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இதெல்லாம் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் நடந்த கதை. கதையின் மறுபாதி கிறிஸ்டியன்ஸ்ஹாவன் மெட்ரோ நிலையத்தருகே இருக்கிறது.

என் மகன் நார்வேயில் இருக்கிறான். போன முறை போகும்போது எனக்கும் என் மனைவிக்கும் அங்கே ஒன்பது மணி நேரம் கிடைத்தது. ஏஜெண்ட் வழக்கமான மந்திரத்தைச் சொன்னார். “சரி தம்பி” என்று கேட்டுக்கொண்டோம், வெளியே போய்வந்தோம். கிறிஸ்டியன்ஸ்ஹாவனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால், தண்ணீர் ஓரத்தில் ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம். ஆசிய சதுக்கம் என்று பொருள். 1732-ல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனியின் தலைமை இடம் அது. தரங்கம்பாடியோடு வியாபாரம் செய்த அதே கம்பெனி. கிடங்கும் அலுவலகமும் இன்றும் நிற்கின்றன. இப்போது டென்மார்க் வெளியுறவு அமைச்சகம் அங்கே இயங்குகிறது. என் மனைவி சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஏங்க, நம்ம ஊரு துணியெல்லாம் இங்கதான் வந்து இறங்குச்சா?” என்று கேட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். புளியோதரை தீர்ந்ததும் அங்கேதான்.

பக்கத்துப் பாலத்தைத் தாண்டினால் நான்காம் கிறிஸ்டியன் கட்டிய பழைய வணிக மாளிகை. நான்கு டிராகன் வால்களைப் பின்னி முறுக்கியது போன்ற அதன் கோபுரம் 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து விழுந்தது. திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெட்ரோவில் போனால் அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கம். நடுவே ஐந்தாம் ஃபிரெடரிக் குதிரைமேல் இருக்கிறார். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? அதே ஆசியக் கம்பெனி. சீனத்துத் தேயிலையும் நம் கடற்கரைத் துணியும் விற்ற காசு. அங்கே வருகிறவர்கள் குதிரையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர் அதன் முன் நின்றால் வேறு ஒரு கணக்கு மனதில் ஓடும். அந்தக் கணக்கு ஓடத்தான் அங்கே போக வேண்டும் என்கிறேன்.

மழை என்றால் நோரபோர்ட் நிலையத்தில் இறங்கி வட்டக் கோபுரத்துக்குப் போங்கள். 1642-ல் முடிந்தது, அதே நான்காம் கிறிஸ்டியன் காலம். நம் முழங்காலுக்காகவே கட்டியதுபோல உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம், 209 மீட்டர் நீளம். கடைசியில் மட்டும் கொஞ்சம் குறுகலான படி. டிசம்பரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம்.

அவ்வளவு தூரமும் முடியாது, கையில் இருப்பது ஆறு மணி நேரம்தான் என்றால், அதே மெட்ரோவில் சில நிறுத்தங்களிலேயே அமாகர் ஸ்ட்ராண்ட் வருகிறது. கொஞ்சம் நடந்தால் கடற்கரை. கடலுக்குள் வரிசையாக இருபது காற்றாலைகள், தூரத்தில் ஸ்வீடனுக்குப் போகும் பாலம். அரை மணி நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்புங்கள். கால் வீங்காமல் அடுத்த விமானம் ஏறுவீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை புரிகிறது. அப்பா அம்மா எங்கேயாவது வழி தவறிவிடுவார்களோ என்ற பயம் அன்பினால் வருவது. ஆனால் அந்த அன்பு எங்களைப் பூட்டி வைப்பதில் முடியக்கூடாது. “உட்காருங்க” என்று சொல்லச் செலவழிக்கும் பத்து நிமிடத்தில், போனில் மெட்ரோ டிக்கெட் வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள். ரோமிங் போட்டுக் கொடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்குமேல் எங்களுக்குத் தெரியும். உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியும் கூஜாவுமாகத் திருப்பதிக்கும் காசிக்கும் போய்வந்தவர்கள் நாங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. எழுபதுக்கு மேல் நமக்கு இன்னும் எத்தனை பயணம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது இளைஞர்கள் பேச வேண்டிய பேச்சு. டிக்கெட் வந்ததும் காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஏழு மணிக்கு மேல் என்றால், உட்காரச் சொல்கிறவர்களிடம் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பையில் ஒரு ஸ்வெட்டரும் குடையும் புளியோதரையும் எடுத்து வையுங்கள். புறப்படுவதற்கு முந்தின வாரம் தரங்கம்பாடிக் கோட்டையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் இருக்கிறது.