‘ஒன்றுமில்லை’ என்கிறவர்கள்

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் சிட்னிப் பாலத்தைப் பற்றியும் கங்காருவைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். நல்லார்பார் சமவெளியை வண்டியில் கடந்தேன் என்று சொன்னால் மட்டும் முகத்தில் ஓர் அனுதாபம் தோன்றுகிறது. “அங்கே என்ன சார் இருக்கிறது?” என்கிறார்கள். அந்த நாட்டிலேயே குடியிருக்கிறவர்கள் இப்படிக் கேட்பதுகூட இல்லை. தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறார்கள்: “அங்கே ஒன்றுமில்லை.”

இந்த ‘ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதை இன்று உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

அடிலெய்டு நகரில் பதினைந்து ஆண்டுகளாக வாழும் நண்பர் ஒருவர், தம் மனைவியோடும் என்னோடும் பெர்த் வரை போக ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்தார். அது லாரிக்கும் வீட்டுக்கும் பிறந்த பிள்ளை. பின்னால் படுக்கை, நடுவில் அடுப்பு, ஓரத்தில் குளிர்பெட்டி, முழங்கால் இடிக்கிற ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. காலையில் நண்பரின் மனைவி இட்லி வார்த்தார். நூறு மைல் தாண்டி அதே மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டோம். வீட்டை முதுகில் சுமந்துகொண்டு போகும் நத்தைகள் என்று எங்களைச் சொல்லலாம். ஆனால் நத்தைக்குத் தான் ஊர்கிற மண்ணின் ஈரமாவது தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது.

செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. பெட்ரோல் போடவும் படுக்கவும் சில விடுதிகள் உண்டு. தண்ணீர் கேட்டால் மட்டும் தயங்குவார்கள். பல்லடோனியாவுக்கும் கய்குனாவுக்கும் நடுவே 146 கிலோமீட்டருக்குச் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் கோடு கிழித்தாற்போல் கிடக்கிறது. நண்பர் அந்த நேர்கோட்டில் கொட்டாவி விட்டபடியே, “சொன்னேனே, பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்லை” என்றார்.

எங்களைப் போலவே பலர் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதிகள். ‘நரைத்த நாடோடிகள்’ என்று அந்த நாட்டில் அவர்களுக்குச் செல்லப் பெயர். நல்ல மனிதர்கள், வழியில் எதிர்ப்பட்டால் கை உயர்த்தி வணக்கம் சொல்கிறவர்கள். மாலையில் வண்டியை நிறுத்தி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஒன்றுமில்லை, அதுதான் இதன் அழகு என்றார்கள்.

அது அழகா இல்லையா என்பதில் எனக்கு வழக்கில்லை. உண்மையா என்பதுதான் கேள்வி.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். கல்லூரியை இரண்டு ஆண்டோடு முடித்துக்கொண்டவன் நான். லத்தீன் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், ‘நல்லார்பார்’ என்றால் ‘மரமே இல்லை’ என்று பொருளாம். 1860-களில் டெலிசர் என்ற நில அளவைக்காரர் சூட்டிய பெயர். இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. இவ்வளவு பெரிய நிலத்துக்கு, அதில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். ஒரு மனிதனுக்கு ‘மீசையில்லாதவன்’ என்று மட்டும் பெயர் வைத்துப் பதிவேட்டில் ஏற்றினால் எப்படி இருக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் போன நெடுஞ்சாலை அந்த மரமில்லாத வெளியின் தெற்கு ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். வழியில் பெரும்பகுதி மரங்கள் நிற்கத்தான் நிற்கின்றன. மரமே இல்லாத நாட்டைக் கடந்தோம் என்று வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசுகிறவர்கள், மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்!

மரமில்லாத இடத்தில் என்ன இருக்கிறது? உப்புநிலத்தில் வளரும் புதர்கள் சாம்பலும் நீலமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் கீழே வாம்பட் என்னும் பிராணி வளை தோண்டிக் குடித்தனம் செய்கிறது. அதற்கும் கீழே, ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்குள் குகைகள். சில குகைகளில் தண்ணீர். எப்போதோ அற்றுப்போன, பையில் குட்டி சுமக்கும் சிங்கம் ஒன்றின் முழு எலும்புக்கூட்டை 2002-ல் அப்படி ஒரு குகையிலிருந்துதான் கண்டெடுத்தார்கள். கூனல்டா என்ற குகையில் ஆதிகுடி மக்கள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தீக்கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மெத்தென்ற சுவரில் விரலால் கோடுகள் வரைந்திருக்கிறார்கள். தெற்கே நிலம் செங்குத்தாக முறிந்து கடலில் இறங்குகிறது. அங்கே குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் வந்து குட்டி ஈனுகின்றன. பாறை விளிம்பில் நின்று ஒரு தாயும் குட்டியும் அருகருகே மிதப்பதை நான் பார்த்தேன். நண்பரும் பார்த்தார். வண்டியில் ஏறியதும் மறுபடியும் “ஒண்ணுமில்லை” என்றார்!

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அந்த வார்த்தையைக் கடன் வாங்கினவர்தான். கடன் கொடுத்தவர்கள் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த நெடுஞ்சாலைக்கு ஏர் என்ற ஆங்கிலேயரின் பெயர். எட்வர்ட் ஜான் ஏர் 1840, 1841-ல் இந்த வழியாக மேற்கே போனார். கடற்கரை மணலில் எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவருக்குக் காட்டியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். உடன் வந்த பாக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டு, வேறு இருவர் உணவையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போன பின், கடைசி வரை அவரோடு நடந்தவன் வைலி என்ற ஆதிகுடி இளைஞன். சாலைக்கு வைலியின் பெயர் இல்லை. அதே ஏர் பின்னாளில் ஜமைக்காவுக்குக் கவர்னராகப் போய், 1865-ல் ஒரு கலகத்தை அடக்குகிற பேரில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் சாகக் காரணமானார். இதையும் அந்தச் சாலையில் எந்தப் பலகையிலும் நான் காணவில்லை.

சாலைக்கு வடக்கே ரயில் பாதை. 1917-ல் அது முடிந்தது. அந்த வழியில் ஊல்டியா என்ற இடத்தில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. எத்தனையோ தலைமுறைகளாகப் பல திசையிலிருந்தும் மக்கள் வந்து கூடிய இடம் அது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அங்கே கிணறுகள் தோண்டி உறிஞ்சினார்கள். 1926-க்குள் ஊற்று கெட்டுப்போயிற்று. பிறகு அங்கே ஒரு மிஷன் நடந்தது. 1952-ல் அதையும் மூடி, மக்களைத் தெற்கே யலாட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நிஜமான நாடோடிகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது அதே நிலத்தின் ஓரமாக, சக்கரம் வைத்த வீட்டில் வருகிற எங்களுக்கு ‘நாடோடி’ என்ற பட்டத்தைக் கொடுக்கிறார்கள்!

அவர்களை அனுப்பிய நான்காம் ஆண்டே, ஊல்டியாவுக்கு வடக்கே மரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்தது. 1956-லும் 1957-லும் ஏழு பெரிய குண்டுகள். அதன் பின்னும் 1963 வரை சிறு சோதனைகள். சிறியவை என்று பெயர்தான். அவற்றில் சுமார் 22 கிலோ புளூட்டோனியம் மண்ணில் சிதறியது. அதில் பாதி குறைவதற்கே 24,000 ஆண்டுகள் ஆகும். ‘மரலிங்கா’ என்றால் ‘இடி’ என்று அர்த்தம். அதுவும் அந்த மண்ணின் சொல் அல்ல. நாட்டின் வடகோடியில் வழங்கி அழிந்துபோன வேறொரு ஆதிகுடி மொழியிலிருந்து எடுத்து ஒட்டிய பெயர்.

ஏன் அங்கே வெடித்தார்கள்? அங்கே ஒன்றுமில்லை, யாருமில்லை என்றார்கள். ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க, எல்லை காண முடியாத அந்தப் பரப்புக்கு மெக்டூகல் என்று ஓர் அதிகாரியை நியமித்தார்கள். பிறகு இன்னொருவரைச் சேர்த்தார்கள். அந்த மெக்டூகல் ஆதிகுடிகளுக்காகக் கொஞ்சம் உரத்துப் பேசியபோது, ஒரு பிடி மனிதர்களின் காரியத்தைப் பிரிட்டிஷ் காமன்வெல்த்தின் காரியத்துக்கு மேலாக வைக்கிறார் என்று தலைமை விஞ்ஞானி எரிச்சல்பட்டார். ‘ஒரு பிடி’ என்று எண்ணத் தெரிந்தவருக்கு, அங்கே மனிதர்கள் உண்டு என்பதும் தெரிந்துதான் இருக்கிறது.

1957 மே மாதத்தில் ஒரு நாள் காலை, முந்தைய ஆண்டு குண்டு வெடித்த பள்ளத்தின் அருகே ஒரு குடும்பத்தைக் கண்டார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், அவர்களுடைய நாய்கள். ஊல்டியாவை நோக்கி, தங்கள் முன்னோர் நடந்த பாதையில் நடந்து வந்தவர்கள். அவர்களைக் குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றி, யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டுவிட்டார்கள். இதை வெளியே பேசக்கூடாது என்று சிப்பாய்களுக்கு உத்தரவாயிற்று. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அந்தப் பள்ளம்தான் காரணம் என்று நிரூபிக்க எனக்குச் சக்தியில்லை. ஆனால் வெறுமை என்று படத்தில் குறித்திருந்த இடத்துக்கு ஒரு குடும்பம் நடந்து வந்தது என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. 1984, 1985-ல் நடந்த ராயல் கமிஷனில் அது பதிவாகியிருக்கிறது.

இரு மாநிலங்களின் எல்லையில் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். பழம், காய்கறி, தேன் எதுவும் மேற்கே போகக்கூடாது. பூச்சியும் நோயும் பரவிவிடும். ஒரு அதிகாரி மிகுந்த மரியாதையோடு ஏறிவந்து குளிர்பெட்டியைத் திறந்து எங்கள் எலுமிச்சம்பழங்களையும், நண்பரின் மனைவி கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த கறிவேப்பிலைக் கொத்தையும் எடுத்துக்கொண்டு போனார். சட்டம் நல்ல சட்டம். அவர் செய்ததும் சரி. ஆனால் ஒரு கறிவேப்பிலை இலைக்காக இத்தனை கவலைப்படுகிற ஒரு மண், புளூட்டோனியத்துக்கு எப்படிக் கதவைத் திறந்துவிட்டது என்று யோசித்தபடி நான் வண்டியில் ஏறினேன். கோதுமை வயல்களும் பழத்தோட்டங்களும் ‘ஏதோ இருக்கிற’ இடங்கள். அவற்றுக்குக் காவல் உண்டு. ‘ஒன்றுமில்லாத’ இடத்துக்குக் காவல் எதற்கு?

இதைச் சொன்னபோது நண்பர், “அதெல்லாம் அந்தக் காலம், சார். இப்போ நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களே” என்றார். வாஸ்தவம். 1984-ல் அந்த மக்களுக்கு நிலம் சட்டப்படி திரும்பியது. குண்டு வெடித்த பகுதி 2009-ல் வந்து சேர்ந்தது. நஷ்டஈடும் கொடுத்தார்கள். ஆனால் அந்த வார்த்தை இன்னும் திரும்பிப் போகவில்லை. 2022-ல் யாரோ கூனல்டா குகைக்குள் புகுந்து, இருபதாயிரம் ஆண்டுக் கோடுகளின் மேல் தங்கள் கிறுக்கலைக் கீறிவிட்டுப் போனார்கள். ஒன்றுமில்லாத ஊரில் ஒரு பொந்துச் சுவர்தானே என்று நினைத்திருப்பார்கள். நினைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

“ஒரு வார்த்தைக்கா இத்தனை பழி?” என்று நீங்கள் கேட்கலாம். வார்த்தையை விற்றுப் பிழைக்கிறவன் நான். அதனால் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கதையில், கதாநாயகனை ராமநாதபுரம் பக்கம் மாற்றல் செய்து அனுப்பினேன். ‘தண்ணியில்லாக் காடு’ என்று நம் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பயந்த கதைதான். ‘கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லாத பொட்டல்’ என்று வர்ணித்திருந்தேன். கதை வந்த அடுத்த வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. “ஐயா, தாங்கள் எழுதிய பொட்டலில்தான் எங்கள் வீடு இருக்கிறது. ஊருணி இருக்கிறது. அய்யனார் கோயில் இருக்கிறது. தாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.” கையெழுத்து ஒரு பள்ளி ஆசிரியருடையது.

அவர் நினைத்தது சரி. நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பாலைக்கும் ஒரு தெய்வத்தையும், ஒரு பறையையும், ஒரு பண்ணையும் வகுத்து வைத்த மொழியில் எழுதுகிறவன், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் காசு வாங்கினேன். அந்தக் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. வெட்கமாக இருந்தது.

யூக்ளாவுக்கு அப்பால் ஒரு இரவு, மற்றவர்கள் தூங்கின பின் வண்டியை விட்டு இறங்கினேன். குளிர்பெட்டியின் முனகல் காதில் விழாத தூரம் வரை நடந்தேன். காலடியில் புதர் நொறுங்கிற்று. எங்கோ ஏதோ ஒன்று மண்ணைப் பறாண்டியது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பெயர் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று சொல்லக் கூடியவர்களும் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருவனல்ல.

அன்பர்களே, இனி யாராவது ஓர் இடத்தைக் காட்டி அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால், வண்டியை விட்டு இறங்கினீர்களா என்று கேளுங்கள். அடுத்தபடியாக, அங்கே என்ன கொண்டுவந்து கொட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வாயிலேயே அந்த வார்த்தை வந்தால், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று திருத்திச் சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்கு நான் போடாமல் விட்ட பதிலும் அதுதான்.