கருவி யாருடையது?

கணினிக்குள் ஓர் ஊரையே கட்டி, பார்ப்பவர் அதற்குள் நடக்கவும் கதவைத் திறக்கவும் செய்வது இன்று ஒரு தொழில். இதற்கு மெய்நிகர் உலகம் என்று பெயர். திருவண்ணாமலையில் 217 அடி ராஜகோபுரத்தை எழுப்பியவை உழைப்பாளியின் கைகள். அவன் சந்ததி இத்தொழிலையும் கற்கவேண்டும். ஆனால், யாருடைய கருவியில்?

இத்தொழிலில் மிகப்பலர் பயன்படுத்தும் மென்பொருள் யூனிட்டி. அதன் சொந்தக்காரரான அமெரிக்கக் கம்பெனி 2023 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு விட்டது. ஒரு வரம்பைத் தாண்டிய விளையாட்டை ஒருவர் புதிதாகத் தம் கருவியில் ஏற்றும் ஒவ்வொரு தடவையும், அதைச் செய்தவர் 20 சென்ட் வரை கப்பம் கட்டவேண்டுமாம்! உழுதவன் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்த கதை நமக்குப் புதிதா? படைப்பாளிகள் கொதித்தெழுந்தனர். 2024 செப்டம்பரில் கம்பெனி கட்டணத்தை வாபஸ் பெற்றது. கூடவே சந்தாவை உயர்த்தியது. கருவி இன்னும் அவர்கள் கையில்தான்!

மாற்று இல்லாமலில்லை. பிளெண்டர் என்ற மென்பொருளை 2002-ல் மக்களே 1 லட்சம் யூரோ திரட்டிப் பொதுவுடைமையாக்கினர். கோடோ 2014 முதல் எல்லோருக்கும் பொது. கேரளத்தில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' திட்டம், 2,000-க்கு மேற்பட்ட அரசு, அரசு உதவிப் பள்ளிகளில், கட்டற்ற மென்பொருள் கொண்டே அனிமேஷனும் நிரல் எழுதுவதும் கற்பிக்கிறது.

தமிழக அரசுப் பள்ளிகளிலும் இக்கருவிகளைக்கொண்டு, தமிழில், கட்டணமின்றி இத்தொழிலைக் கற்பிக்க வேண்டும். தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இக்கோரிக்கையை எழுப்புங்கள்! நம் பிள்ளைகள் கட்டும் உலகத்திலாவது குத்தகைக்காரன் இருக்கக்கூடாது!