ஒழுங்கையில் ரோல்ஸ் உண்டு, வாழைப்பழம் இல்லை

“எங்கட புள்ளைகள் மரக்கறியைத் தொடுறதே இல்ல” என்று உம்மாமார் சொல்லாத வீடு இன்று குறைவு. பழி பிள்ளையின் நாக்கின் மீது விழுகிறது. என் பார்வையில் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி நமது ஊர்கள் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்ற கிழக்கின் கரையோர ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறைக்கு முன் வளவுக்குள் முருங்கை, அகத்தி, வாழை, பப்பாசி நின்றன. இலைச் சுண்டலுக்குக் காசு தேவைப்படவில்லை. மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கத்தில் ஒரு வளவு இரண்டாகி, பின் நான்காகி, கிணற்றடி வரை சீமெந்து வந்துவிட்டது. சீதன வீடு சரியா பிழையா என்பது வேறு விவாதம். முருங்கை மரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்று மரக்கறி தம்புள்ளையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் லொறியில் வந்து பிரதான சந்தையில் இறங்குகிறது. வாப்பா வெளிநாட்டில் இருந்தால், உம்மாவுக்கு வாசலுக்கு வரும் வண்டிதான் சந்தை. அது வருவதோ பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரம். மாலையில் டியூஷன் முடிந்து வரும் பதினான்கு வயதுப் பிள்ளையின் வழியில் இருப்பவை ரோல்ஸ், கொத்து, பக்கற்றில் அடைத்த பொரியல், சோடா.

அரசு சும்மா இருக்கவில்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு வழிகாட்டல் உண்டு. 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 2017 இறுதியில் அந்தச் சீனிக்கு வரியும் வந்தது. இவை இனிப்பைத் தடுக்கப் பார்க்கின்றன, பழத்தைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டு வரவில்லை. நாளொன்றுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விலைதான் காரணம் என்பார்கள். மறுக்க முடியாது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது, அந்த அடியிலிருந்து பல குடும்பங்கள் இன்னும் எழும்பவில்லை. ஆனால் சோடாவுக்கும் ரோல்ஸுக்கும் கொடுக்கும் காசுக்கு வாழைப்பழம் கிடைக்காதா? கிடைக்கும். கிலோ கணக்கில் அல்லாமல் ஒன்றிரண்டாக விற்க ஆள் வேண்டும். பழம் என்றால் அப்பிளும் திராட்சையும், அதுவும் நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்குவது என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது.

நோன்பு மாதத்தைப் பாருங்கள். வீதியோரமெங்கும் வத்தகப்பழமும் பப்பாசியும். மரக்கறி தின்னாத அதே பிள்ளை இஃப்தாருக்குத் தட்டு நிறையப் பழம் தின்கிறது. பெருநாளோடு மேசைகள் மறைகின்றன, பழக்கமும் மறைகிறது. ஒரு மாதத்தில் நாக்கு மாறுவதில்லை, மாறுவது தூரம்.

நமது சபைகளிடம் இதைக் கேட்கலாம். சந்தைக் கடைகள் சபைகளின் கையில் இருக்கின்றன. கூடிய தொகை கேட்டவருக்கே கடை என்றால் பழ வியாபாரி கைத்தொலைபேசிக் கடைக்காரருடன் போட்டியிட முடியாது. டியூஷன் வகுப்புகள் இருக்கும் உட்புற ஒழுங்கைகளில், அஸரிலிருந்து இஷா வரை திறக்கும் நான்கைந்து சிறு தட்டுக்கடைகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கட்டும். உள்ளூர்ப் பழத்தைச் சில்லறையாக விற்க வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. றமழானில் வாசலில் இருந்த பழ மேசையை ஷவ்வாலிலும் அங்கேயே விட்டுவைக்கலாம்.