‘லோ-கார்ப் ஆயுளைக் குறைக்கும்’: தலைப்பில் வராத மறுபாதி

2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பல ஊடகங்கள் வைத்த தலைப்பு இந்த ரகம்தான். 15,428 பேரைச் சுமார் 25 ஆண்டுகள் கவனித்த அந்த ஆய்வு, கலோரியில் 70 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து எடுத்தவர்களுக்கும் மரண ஆபத்து அதிகம் என்றது. தலைப்புகளில் அது பெரும்பாலும் காணோம்.

வீகனுக்கும் இதே கதைதான். 2020-ல் வந்த பிரிட்டன் ஆய்வை வைத்து, ‘இறைச்சி சாப்பிடுவோரைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43% அதிகம்’ என்றார்கள். ‘10 ஆண்டுகளில் 1,000 பேருக்குச் சுமார் 20 முறிவு கூடுதல்’னு போட்டா யார் க்ளிக் பண்ணுவாங்க?

இரண்டு ஆய்வுகளுமே தொடர்பைத்தான் காட்டின, காரணத்தை நிரூபிக்கவில்லை. பயமுறுத்தும் பாதியை மட்டும் தருவது செய்தி ஆகாது. தட்டை மாத்துறதுக்கு முன்னாடி, தலைப்பைத் தாண்டிப் படிங்க.