உடலைக் கேட்கிறார்கள்!

"ஆட்கள் தேவை" என்றால் என்ன பொருள் என்று செஞ்சிப் பகுதியில் பிறந்தவர்க்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நெல் அறுக்க ஆள் தேவை. மல்லாட்டை பிடுங்க ஆள் தேவை. நகரத்து மாடிக்குக் கல் சுமக்க ஆள் தேவை. கேட்டார்கள், போனோம். இப்போது புதியதோர் அழைப்பு வந்திருக்கிறது. கையின் உழைப்பை அது கேட்கவில்லை; காலின் நடையைக் கேட்கவில்லை; நரம்பிலே ஓடும் குருதியைக் கேட்கிறது!

சிங்கவரத்து இளைஞர்களின் வாட்சப் குழுவில் சென்ற மாதம் வந்தது அந்த அழைப்பு. பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரையுள்ள, நோயற்ற ஆண்கள் வேண்டுமாம். மருத்துவ ஆராய்ச்சியாம். மூன்று இரவு தங்கவேண்டும், உணவு இலவசம், முழு உடற்பரிசோதனை இலவசம், பன்னிரண்டாயிரம் ரூபாய் 'ஊக்கத்தொகை'. ஆதார் அட்டையின் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பவேண்டும். அடியிலே ஒரு நுண்ணோக்கியின் படம். அதற்கும் அடியிலே, "அறிவியலுக்குத் துணை நில்லுங்கள்" என்றொரு முழக்கம். எந்த நிறுவனம்? இல்லை. எந்த மருந்து? இல்லை. எவர் ஒப்புதல் தந்தார்? இல்லை. இத்தனை இல்லைகளுக்கு நடுவே இருந்தது பன்னிரண்டாயிரம் மட்டுமே.

அதைக் குழுவிலே பரப்பியவர் யார் தெரியுமா? நம் தோழர்தான்! கோமியம் குடித்தால் கொரோனா ஓடும் என்று வந்த செய்தியை அன்று நார் நாராகக் கிழித்தவர். "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வியை ஊருக்கே கற்றுக்கொடுத்தவர். "இதற்கு ஆதாரம் கேட்டீரா?" என்றோம். "அறிவியல் ஆயிற்றே!" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதுகிறோம். வெள்ளை அங்கியைக் கண்டதும் கேள்வியை மடித்துப் பையில் வைத்துக்கொள்பவர், காவி உடையைக் கண்டதும் கைகூப்புபவரைவிட எந்த வகையில் உயர்ந்தவர் என்று கேட்கிறோம். கோபம் வேண்டாம், தோழரே, விடை வேண்டும்.

"ஆராய்ச்சியே கூடாது என்கிறீரா?" என்று சிலர் சீறக்கூடும். அல்ல, அல்ல! 1956ஆம் ஆண்டு சென்னையிலே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக நலவாழ்வு அமைப்பும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து நடத்திய மையம். காசநோய் என்றால் மலைக்காற்றும், முட்டையும் பாலும், மாதக்கணக்கில் சானடோரியப் படுக்கையும் வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் நெருக்கடிமிக்க வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் மருந்து. மறு பிரிவுக்கு வீட்டிலேயே மருந்து. குலுக்கல் முறையிலேதான் பிரிவு. ஆள்முகம் பார்த்து அன்று. ஆய்வில் இருந்தவர் இருநூறு பேருக்கும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தது: குடிசையிலே கிடந்தவரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர்; அவர்தம் வீட்டாருக்கு அதனால் கூடுதல் கேடும் நேரவில்லை. உலகெங்கும் சானடோரியக் கதவுகள் மூடப்பட இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெருங்காரணம். பணமுள்ளவனுக்கே பிழைப்பு என்ற விதியை ஏழை நோயாளர் இருநூறு பேர் புரட்டிப் போட்டார்கள்! இத்தகைய ஆராய்ச்சிக்கு உடலைத் தருவது பெருமை. நாமே முன்வரிசையில் நிற்போம்.

ஆனால் அந்த இருநூறு பேரை எவரும் தரகர் வழியே திரட்டவில்லை. நோயாளர் எங்கே இருக்கிறார், எப்படி வாழ்கிறார், மருந்தை விழுங்குகிறாரா என்பதை வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். இன்றோ வலையை வீசுகிறார்கள். முகநூலிலே ஒரு விளம்பரம், இன்ஸ்டாகிராமிலே ஒரு படம், வாட்சப்பிலே ஒரு செய்தி, விழுந்ததெல்லாம் மீன். செலவு குறைவாம், விரைவு மிகுதியாம். இருக்கட்டும். அந்த வலையில் விழாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தோமா?

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டுங்கள். இந்தியாவின் சிற்றூர்ப் பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர் நூற்றுக்கு 24.6 பேர், சிற்றூர் ஆண்களில் 48.7 பேர். அதன்பின் கைப்பேசிகள் பெருகியிருக்கும். ஆனாலும் வீட்டிலே ஒரு கைப்பேசி இருந்தால் அது யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாதா? சிங்கவரத்துக் குன்றின்கீழ் களையெடுக்கும் ஆயாவுக்கு மூட்டுவலி உண்டு, இரத்தக்கொதிப்பு உண்டு, முகநூல் மட்டும் இல்லை. ஆகவே, ஆய்வாளரின் கணக்கேட்டில் ஆயாவே இல்லை! ஆயாவை விட்டுவிட்டுச் செய்த ஆய்வின் முடிவை நாளை ஆயாவுக்கே மருந்தாகக் கொடுப்பார்கள்.

"இலட்சம் பேர் விடையளித்தார்களே, தவறாகுமா?" என்பார்கள். ஆகும். 1936இல் அமெரிக்காவிலே லிட்டரரி டைஜஸ்ட் என்ற ஏடு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையெழுதினர். லாண்டன் வெல்வார் என்றது ஏடு. வென்றவர் ரூசுவெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46இல்! தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தவர் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தார்கள். பஞ்சத்திலே வாடிய ஏழையின் முகவரி அந்தப் பட்டியல்களில் ஏது? எண்பத்தைந்து ஆண்டு கழித்து அதே பாடம் மீண்டும் வந்தது. 2021இல் முகநூல் வழியே வாரந்தோறும் இரண்டரை இலட்சம் பேரிடம் கேட்டு அமெரிக்காவின் கொரோனாத் தடுப்பூசி நிலவரத்தைக் கணித்தார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அந்தக் கணிப்பு உண்மையைவிட 17 விழுக்காட்டுப் புள்ளி மிகையாக நின்றது என்று நேச்சர் இதழில் டிசம்பரிலே அறிஞர்கள் எழுதினர். வெறும் ஆயிரம் பேரை முறையாகத் தேர்ந்து கேட்ட மற்றொரு கணிப்போ உண்மையை ஒட்டி நின்றது. நம் சென்னையின் இருநூறு பேரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இது அறிவின் குறை. அறத்தின் குறை இதனினும் பெரிது.

2020இன் இறுதியிலே போபாலில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி கொரோனாத் தடுப்பூசி ஆய்வுக்கு ஆள் சேர்த்தது. 1984இல் நச்சுக்காற்றால் நுரையீரல் வெந்த மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து பலர் சென்றனர். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது, ஊசிக்கு 750 ரூபாய் என்றார்கள், ஆய்வு என்று எவரும் விளக்கவில்லை என்று அவர்களில் பலர் குற்றம் சாட்டினர். நிறுவனம் மறுத்தது. அந்த வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. 750 ரூபாய் என்பது அன்றாடக் கூலி இழந்து கிடந்தவனுக்கு ஊக்கமா, கட்டாயமா என்பதை மட்டும் கேட்கிறோம். ஒலிபெருக்கியாவது தெருவிலே கத்தியது. ஊரார் காதிலே விழுந்தது. நாலு பேர் தடுக்கவும் முடிந்தது. கைப்பேசியின் அழைப்போ தனித்தனியே, இரவிலே, கடன்காரன் வந்து போன பின்பு, காதோடு காதாகப் பேசுகிறது.

மற்றொன்று, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது நெஞ்சைச் சுடுகிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஏறத்தாழ 14,000 சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பழங்குடி விடுதிச் சிறுமியர் அவர்களிலே பலர். ஒப்புதல் படிவங்களில் பெற்றோர் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டதை 2013இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதே, நம் பெண்பிள்ளைகளுக்கு வேண்டியதே, அதிலே ஐயமில்லை. நல்ல மருந்தின்மீதும் மக்களுக்கு அச்சம் பிறக்கும்படி செய்தது அந்தக் களவுக் கையொப்பம்தான். ஒப்புதலைத் திருடுகிறவன் ஆராய்ச்சியின் நண்பனல்ல. மூடநம்பிக்கைக்குத் தீனி போடுபவன்.

2005 முதல் 2012 வரை இந்நாட்டு மருந்தாய்வுகளின்போது 2,644 பேர் இறந்தனர் என்றும், அவற்றில் 80 சாவுகளே ஆய்வால் நேர்ந்தவை என்றும் நடுவணரசே உச்சநீதிமன்றத்தில் சொன்னது. அந்த எண்பது பேரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. செஞ்சிக் கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்தவன் பெயர் எங்கே இருக்கிறது, இது இருக்க?

சட்டம் இல்லாமலில்லை. 2009 ஜூன் 15 முதல் மருந்தாய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்வது கட்டாயம். 2019இன் புதிய மருந்து, மருந்தாய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழு ஒன்று வேண்டும், குறைந்தது ஏழு பேர், பாதிப்பேராவது வெளியார். வழக்கறிஞர் வேண்டும், பெண் வேண்டும், பொதுமக்களில் ஒருவர் வேண்டும். சமயவாதிக்கும் ஓர் இடம் தரலாம் என்று விதி சொல்கிறது. சிரிக்காதீர்கள், அவராவது கேள்வி கேட்டால் சரி! ஆள் சேர்க்கும் விளம்பரத்தின் வாசகமும் அந்தக் குழுவின் பார்வைக்குப் போகவேண்டும். ஆய்வினால் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும். எந்த நேரத்திலும் "வரமாட்டேன்" என்று எழுந்து போகும் உரிமை உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. நம் குழுவுக்கு வந்த செய்தியில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

வலையை விரிக்கும் கடைக்காரரையும் பாருங்கள். 2012 சனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் முகநூல் பக்கத்தில் மகிழ்ச்சிச் செய்திகளையோ துயரச் செய்திகளையோ வேண்டுமென்றே குறைத்து, அவர்தம் மனநிலை மாறுகிறதா என்று ஆய்வு செய்தார்கள். 2014இல் கட்டுரையாக வெளிவந்த பின்பே தாம் ஆய்வெலிகள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. "இந்த விதிகளை ஏற்கிறேன்" என்று என்றோ ஒருநாள் தட்டினீர்களே, அதுவே ஒப்புதலாம்! நீரிழிவு ஆய்வுக்கான விளம்பரத்தைத் தட்டுகிற விரல், "இவர் நீரிழிவுக்காரர்" என்ற செய்தியையும் சேர்த்தே தட்டுகிறது. நோய் தொடர்பான பொருள்களை வைத்து ஆளைக் குறிபார்க்கும் ஏற்பாட்டை அந்நிறுவனமே 2022இல் விலக்கிக்கொண்டது. அதுவரை அது விற்பனையில் இருந்தது என்பதை மறவாதீர்கள்.

நியாயமும் சொல்லவேண்டும். பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு ஆள் தேட இணையத்தைவிடச் சிறந்த வழி இல்லை. மறைத்து வைக்கப்படும் நோய்களுக்கு, வீட்டாரிடமும் சொல்ல முடியாத மனநோவுக்கு, அந்தத் தனிமையே துணையாவதும் உண்டு. விளம்பரத்தில் பதிவு எண்ணைப் போடட்டும். நிறுவனத்தின் பெயரைப் போடட்டும். கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று தமிழிலே, புரியும் தமிழிலே, போடட்டும். நாமே பரப்புவோம்.

அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு நம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்; தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேடுபவர். "சார், போகட்டுமா?" என்றார். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை ஏது? பன்னிரண்டாயிரத்தை நாம் தரப்போவதில்லையே! "கேட்டுப் பார்த்துவிட்டுப் போ, தம்பி" என்றோம். இருவரும் சேர்ந்து எழுதினோம். பதிவு எண் என்ன? ஒப்புதல் தந்த குழு எது? உள்ளே போகும் மருந்து எது? கேடு நேர்ந்தால் மருத்துவம் எங்கே? மறுநாள் காலை விடை வந்தது: "விருப்பம் இருந்தால் வாருங்கள். இடம் குறைவாக உள்ளது." மாலையிலே அந்த எண் குழுவிலிருந்து வெளியேறிவிட்டது. ஆதார் அட்டையின் படத்தை முன்பே அனுப்பிவிட்டவர் எத்தனை பேர் என்று தோழர்கள் இப்போது கணக்கெடுத்து வருகின்றனர். முதலில் பரப்பிய தோழரே அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறார்; அதற்கு நம் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் கூடுகிறோம். மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஓர் எண்ணை எப்படித் தேடுவது, ஒப்புதல் படிவத்தை எப்படிப் படிப்பது என்பதை வரிவரியாகப் பார்க்கவிருக்கிறோம். கைப்பேசி உள்ளவர்கள் கொண்டு வருக. இல்லாதவர்கள் கட்டாயம் வருக.