நட்சத்திரம் ஏன் அமீபா ஆச்சு?

மே மாச லீவுல என் பொண்ணு, "பிஸ்கட் பண்ணலாம்மா"ன்னு ஒரே பிடுங்கல். மைதா, வெண்ணெய், பொடிச்ச சர்க்கரை பிசைஞ்சு, தேய்ச்சு, அச்சு வெச்சு வெட்டி, பன்னிரண்டு நட்சத்திரங்களை ஓவனுக்குள்ள தள்ளினோம். வெளிய வந்தது ஒரே ஒரு பெரிய அமீபா.

ரங்கமணி சும்மா இருப்பாரா? "இது எந்த நாட்டு மேப்?"னு கேட்டுக்கிட்டே பிச்சு வாயில போட்டுக்கிட்டார். அவ சிரிக்கல. "எனக்குத்தான் வரலை"ன்னா. அதுதாங்க சுருக்குன்னுச்சு.

தப்பு அவ கையில இல்ல, நான் பார்த்து செஞ்ச குறிப்புல. "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்"னு எழுதினவங்க குளிர் ஊர்க்காரங்க. அவங்க அறை 20 டிகிரி. சென்னைல மே மாச அடுக்களை 35-ஐ சர்வசாதாரணமா தாண்டும். வெண்ணெய் உருகறதும் கிட்டத்தட்ட அங்கதான். மாவு ஓவனுக்குப் போறதுக்கு முன்னாடியே இளகிடுது, அப்புறம் எங்க முனை நிக்கும்?

அம்மா தீபாவளிக்குப் போடற டைமண்ட் பிஸ்கட் மட்டும் எப்படி நிக்குதுன்னு கேப்பீங்க. அதுல நெய் கொஞ்சம்தான், காய்ஞ்ச எண்ணெயில விழுந்ததுமே இறுகிடும்.

நாம செய்யற பெரிய தப்பு, கையில ஒட்டுதுன்னு மேல மேல மைதா போடறது. வடிவம் நிக்கும், பல்லு நிக்காது :) மைதா வேணாம், குளிர்ச்சிதான் வேணும். இதுதான் என் கட்சி.

சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம், அது உப்பி ஓரத்தைக் கெடுக்கும். பிசைஞ்சதும் ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வெச்சு, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, அப்படியே அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல. வெட்டினதும் தட்டோட பத்து நிமிஷம் ஃபிரீசர்ல. அப்புறம் 170 டிகிரில 12 நிமிஷம், ஓரம் லேசா சிவந்தா போதும். மிச்ச மாவைத் திரும்பத் திரும்ப தேய்க்காதீங்க, வறட்டி ஆயிடும். துண்டு துண்டாவே சுட்டுடுங்க.

மறுநாள் சாயங்காலம் அவளே தேய்ச்சு, அவளே வெட்டினா. அஞ்சு முனையும் அப்படியே வந்துச்சு. மூஞ்சியைப் பார்க்கணுமே!

அதனால மக்கள்ஸ், பிள்ளைங்க செஞ்சது சொதப்பினா, "உனக்கு வராது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முதல்ல ஃபிரிட்ஜைத் திறங்க.

டிஸ்கி: அந்த அமீபாவும் ருசியாத்தான் இருந்துச்சு. ரங்கமணி ஒரு துண்டு மிச்சம் வைக்கல.